‘ஜஸ்ட் நவ்’ என்றால் எப்போது?

அன்புள்ள ஐயா,

என் மகள் மூன்று மாதமாகக் கேப் டவுனில் வேலை பார்க்கிறாள். வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பருக்குப் போன் செய்திருக்கிறாள். ‘ஜஸ்ட் நவ்’ வருகிறேன் என்றாராம். இவள் லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து காத்திருந்தாள். அவர் வந்தது சாயங்காலம். வருத்தம்கூடச் சொல்லவில்லையாம். நாங்கள் படித்த ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் ‘இப்போதுதான்’. இது பொய்யா, அலட்சியமா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டும் இல்லை. அவர் சொன்னபடிதான் வந்திருக்கிறார். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் ‘அப்புறம், கொஞ்சம் கழித்து’ என்று பொருள். எவ்வளவு கழித்து என்பதற்குக் கணக்குக் கிடையாது. அங்கே ஆங்கிலமும், டச்சு மொழியிலிருந்து பிறந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியும் இருநூறு ஆண்டுகளாக அடுத்தடுத்த வீடுகளில் குடியிருப்பவை. ஆப்பிரிக்கான்ஸில் ‘நெட்நோ’ என்று ஒரு சொல் உண்டு. சற்று முன்பு என்றும் அதற்குப் பொருள், சற்றுப் பிறகு என்றும் பொருள். அதன் சாயல்தான் அந்தப் பிளம்பரின் ஆங்கிலத்தில் இருக்கிறது.

இதை அந்த நாட்டுக்காரர்களின் பிழை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் ஆங்கிலமும் இதே வழியில் நடந்து வந்ததுதான். ‘விரைவில்’ என்று நாம் பொருள் சொல்லும் ‘சூன்’, பழைய ஆங்கிலத்தில் ‘சோனா’. அப்போது அதற்கு ‘உடனே’ என்று பொருள். ‘அனான்’ என்ற சொல்லும் ‘உடனே’ என்றுதான் பிறந்தது. 1598இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் பிரான்சிஸ் என்று ஒரு மதுக்கடைப் பையன் வருகிறான். இளவரசர் அவனைப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார். பக்கத்து அறையிலிருந்து இளவரசரின் நண்பர் விடாமல் கூப்பிடுகிறார். பையன் ‘அனான், அனான், சார்!’ என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறான், போக முடியவில்லை. அந்தச் சொல் தேய்ந்த விதத்தை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் எனக்குக் காட்டியதில்லை. பையன் மனதறிந்து பொய் சொல்லவில்லை. வரத்தான் நினைக்கிறான், கால்தான் நகரவில்லை. அடுப்படியில் கைவேலையாக இருக்கும்போது, வாசலில் யாராவது கூப்பிட்டால் நாமும் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோமே!

1611இல் வந்த ஆங்கில பைபிளில், யோவான் ஸ்நானகனின் தலையைத் தட்டில் வைத்துத் தரும்படி ஏரோதியாளின் மகள் கேட்கும் இடத்தில் ‘பை அண்ட் பை’ என்று இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் ‘போகப்போக’. அப்படிப் படித்தால் அந்தக் காட்சியின் கொடூரமே போய்விடும். அவள் கேட்டது ‘இந்த நிமிடமே’. அந்தத் தொடரின் அன்றைய பொருள் அதுதான். பழைய ஆங்கிலம் படிக்கும் மாணவர்கள் இந்த மாதிரி இடங்களில் ஏமாந்துபோவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். தெரிந்த சொல் என்பதாலேயே யாரும் அகராதியைத் திறப்பதில்லை.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். அங்கே ‘நவ் நவ்’ என்று யாராவது சொன்னால், ‘ஜஸ்ட் நவ்’வை விடச் சீக்கிரம் வருவார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். உடனடியாக என்பதற்கு ‘ரைட் நவ்’ இருக்கிறது.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லி வையுங்கள். இங்கிலாந்துக்காரர் ‘ஹாஃப் செவன்’ என்றால் 7.30 மணி. ஆப்பிரிக்கான்ஸில் ‘ஹால்ஃப் சீவ’ என்றால் ஏழுக்கு அரை மணி முன்பு, அதாவது 6.30. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கேப் டவுனில் இரண்டு வகை மனிதர்களும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பார்கள். யாராவது அவளைச் சாப்பிடக் கூப்பிட்டால், மணியை எண்ணில் எழுதி அனுப்பச் சொல்லட்டும்.