சிவிலைசேஷன் 7 வந்தபோது தொடரின் பழைய ரசிகர்களே ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்? இப்போது வாங்கி ஆடலாமா?

கேட்டவர், ஒரு நாகரிகத்தை வளர்த்து ஆடும் இந்தக் கணினி விளையாட்டுத் தொடரின் 5, 6 இரண்டையும் ஆடியவர். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் 7-க்கு வந்த ரிவ்யூக்களைப் பார்த்துத் தயங்குகிறார். "புதுப் பாகம் வந்தாலே எழும் வழக்கமான கூச்சல்தானா, இல்லை நிஜமாகவே கெட்டுவிட்டதா?" என்பது அவர் கேள்வி.

வழக்கமான கூச்சலும் இதில் உண்டு. ஆனால் இந்த முறை மூன்று வேறு வேறு கோபங்கள் ஒரே சமயத்தில் வெடித்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவே முடியாது.

முதலில் பழக்கமான கூச்சல். 1991-ல் சிட் மேயர் தொடங்கி வைத்த தொடர் இது. ஒவ்வொரு பாகத்திலும் மூன்றில் ஒரு பங்கு பழையது அப்படியே, ஒரு பங்கு மெருகேற்றியது, ஒரு பங்கு முற்றிலும் புதியது என்பது தயாரிப்பாளர்களான ஃபிராக்சிஸ் பின்பற்றும் கணக்கு. அந்தப் புதுப் பங்கு ஒவ்வொரு முறையும் யாரையாவது காயப்படுத்தும். 2010-ல் 5 வந்தபோது வரைபடத்தின் ஒரு கட்டத்தில் ஒரே போர்ப்படைதான் நிற்கலாம் என்று ஆனது; 4-ல் இருந்த மதமும் ஒற்றாடலும் காணாமல் போயின. 2012-ல் வந்த 'காட்ஸ் அண்ட் கிங்ஸ்' விரிவாக்கத்தில்தான் இரண்டும் திரும்பின. 2016-ல் 6 வந்தபோது கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்று திட்டு விழுந்தது. நகரத்தை வரைபடத்தில் பரப்பி வைத்த டிஸ்டிரிக்ட் முறையும் பலருக்கு ஒட்டவில்லை. இன்று அதே டிஸ்டிரிக்ட் முறை இல்லாமல் ஆட முடியாது என்பவர்கள் ஏராளம். இந்த வகைக் கோபம் காலப்போக்கில் தானே அடங்கிவிடும்.

இரண்டாவது கோபம் விலையும் அரைகுறை நிலையும். 7 அதிகாரப்பூர்வமாக வெளியானது 2025 பிப்ரவரி 11. அப்போது அடிப்படைப் பதிப்பு 70 டாலர், டீலக்ஸ் 100, ஃபவுண்டர்ஸ் 130. அதிக விலை கொடுத்தவர்களுக்கு ஐந்து நாள் முன்பாகவே, பிப்ரவரி 6-லேயே கதவு திறந்தது. அதனால் ஸ்டீமில் முதல் ரிவ்யூக்களை எழுதியவர்கள் தொடரை மிகவும் நேசித்த, அதிகம் செலவழித்த ரசிகர்கள். அவர்களுக்குக் கிடைத்ததோ எண்களை மறைக்கும் திரை. ஒரு கட்டடத்தின் பலன் எங்கிருந்து வருகிறது என்று சுட்டிக்காட்டிப் பார்த்தால் விவரம் போதாது. எழுத்துகள் சில இடங்களில் சரியாக உட்காரவில்லை. நகரத்துக்குப் பெயர் மாற்ற முடியாது. வெற்றி பெற்ற பிறகு 'இன்னும் ஒரு டர்ன்' (ஆட்டத்தின் ஒரு சுற்று) என்று தொடரவும் முடியாது. அந்த ஒரு வாக்கியம்தான் இந்தத் தொடரின் அடையாளம் என்பதை நினைத்தால் அந்த வலி புரியும். மிகப் பெரிய வரைபட அளவே 'ஸ்டாண்டர்ட்' என்று நின்றது. கண்டங்கள் சதுரமாக வெட்டி வைத்தது போல இருந்தன. அடிப்படைப் பதிப்பில் பிரிட்டன் கிடையாது. ஒரு மாதம் கழித்துத் தனிக் கட்டணத்தில் வந்தது.

இந்த இரண்டாவது கோபத்துக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிட்டது. பெயர் மாற்றம், 'இன்னும் ஒரு டர்ன்', ஆராய்ச்சியை வரிசையில் போடும் வசதி, பெரிய வரைபடங்கள், ரசிகர்கள் செய்த மாற்றங்களைச் சேர்க்க உதவும் ஸ்டீம் வொர்க்‌ஷாப் எல்லாம் 2025 மார்ச்சிலிருந்து ஜூனுக்குள் இலவச அப்டேட்டுகளாக வந்தன. பிப்ரவரியில் எழுதிய ரிவ்யூவைப் படித்து இன்று திரையைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய ரிவ்யூக்களைப் படிக்கும்போது தேதியையும் பாருங்கள்.

மூன்றாவதுதான் ஆழமானது. அப்டேட்டால் மட்டும் ஆறாதது.

இதுவரை நீங்கள் கி.மு. 4000-ல் ஒரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுத்தால் கடைசி டர்ன் வரை அதே நாகரிகம்தான். 7-ல் ஆட்டம் பழங்காலம், கடலோடிக் காலம், நவீன காலம் என மூன்றாக உடைகிறது. ஒவ்வொரு காலத்துக்கும் புதிய நாகரிகம் எடுக்க வேண்டும். தலைவர் மட்டும் மாறமாட்டார். அதனால் அசோகர் முதலில் மௌரியரை ஆண்டு, பிறகு சோழரை ஆண்டு, கடைசியில் முகலாயரை ஆளலாம்.

தமிழ் வாசகருக்கு இந்த உதாரணம் ஒன்றே போதும். தொடரில் இதுவரை 'இந்தியா' என்ற ஒற்றைப் பெயருக்குள் அடைபட்டிருந்த சோழர், 7-ல்தான் தனி நாகரிகமாக வந்தார்கள். வேலையும் அக்கறையாகச் செய்திருக்கிறார்கள். கலம் என்ற தனிக் கப்பல் இருக்கிறது, தஞ்சைப் பெரிய கோயில் உலக அதிசயமாக வருகிறது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு கட்டடங்களை ஒரே கட்டத்தில் கட்டினால் ஐந்நூற்றுவர் வளாகம் உருவாகும். சுமத்ராவின் பாருஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு வைத்த அதே வணிகக் குழுதான் அந்த ஐந்நூற்றுவர். போரோடு நிறுத்தாமல் வணிகக் குழுக்களையும் கொண்டு வந்தது மனம் நிறைந்து பாராட்ட வேண்டிய விஷயம்.

ஆனால் அவர்களுக்கு முன்னால் மௌரியரையும் பின்னால் முகலாயரையும் நிறுத்தி, இது ஒரே வரலாற்று ஓட்டம் என்று ஆட்டம் சொல்கிறது. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டே சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைத் தன் ஆட்சிக்கு வெளியே உள்ள எல்லை நாட்டவராகத்தான் குறிப்பிடுகிறது. சோழப் பேரரசு 1279-ல் முடிந்தது. முகலாயப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது 1698-ல். ஒன்று மற்றொன்றாக மாறவில்லை. உலகெங்கும் ரசிகர்கள் தங்கள் தங்கள் வரலாற்றில் இதே உறுத்தலைக் கண்டார்கள். நாகரிகம் மாற்றும் யோசனை புதிதும் அல்ல. 2021-ல் வந்த ஹியூமன்கைண்ட் அதைச் செய்து, அதே குறையைக் கேட்டது.

பெயர் மாறுவது பாதிச் சிக்கல்தான். மீதிப் பாதி, காலம் மாறும்போது ஆட்டமே ஒருமுறை அறுந்து விழுவது. வெளியானபோது இருந்த நிலை இது: நடந்துகொண்டிருக்கும் போர்கள் அப்படியே நின்றுவிடும். பாதி கட்டிய அதிசயம் போய்விடும். தலைநகரம் தவிர மற்ற நகரங்கள் மீண்டும் ஊர்களாகச் சுருங்கும். தளபதிகளின் கீழ் இல்லாத படைகளில் பெரும்பகுதி மறையும். 5-லும் 6-லும் 200 டர்னுக்கு முன் செய்த ஒரு முடிவு கடைசியில் பழுத்து விழும் இன்பம் இருந்தது. பின்தங்கியவர் முன்னேறியவரை எட்டிப் பிடிக்கட்டும், பிற்பாதி சலிக்காமல் இருக்கட்டும் என்ற நல்ல நோக்கத்தில்தான் 7 அந்த நூலை இரண்டு இடத்தில் வெட்டியது. அந்த நோக்கம் நியாயமானது. 6-ல் தொடங்கிய ஆட்டங்களை முடிக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று இந்தத் தொடரை ஆடுகிற எவருக்கும் தெரியும். வெட்டிய இடம்தான் தவறு என்பது என் கருத்து. ரசிகர் பிடித்திருந்த கயிறே அதுதான். வெளியான சில மாதங்களில் ஸ்டீமில் எந்த நேரத்திலும் 7-ஐ ஆடுபவர்களைவிட 6-ஐ ஆடுபவர்களும், 5-ஐ ஆடுபவர்களும் அதிகமாக இருந்தது இதனால்தான் என்று நம்புகிறேன்.

ஃபிராக்சிஸும் இதை உணர்ந்திருக்கிறது. காலம் மாறும்போது படைகளை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும் 'கன்டின்யுட்டி' என்ற தேர்வு அப்டேட்டில் வந்தது. 2025 இறுதியில், ஒரே நாகரிகத்தோடு முழு ஆட்டத்தையும் ஆடும் வழியைச் சோதித்து வருவதாகவும் அறிவித்தார்கள். உங்கள் மனக்குறை நாகரிகம் மாறுவது மட்டும்தான் என்றால், வாங்கும் முன் அந்த வசதி எந்த நிலையில் இருக்கிறது என்று அப்டேட் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

5, 6 ஆடிய கை 7-ல் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "ஆட்டம் என்னை ஏமாற்றிவிட்டது" என்று எழுதப்பட்ட ரிவ்யூக்களில் கணிசமானவை இந்தச் சறுக்கல்களிலிருந்து வந்தவை.

காலம் எப்போது முடியும் என்று டர்ன் கணக்குப் போடாதீர்கள். காலத்தின் முன்னேற்றம் ஒரு சதவீதமாக ஓடும். எந்த ஆட்டக்காரர் இலக்குகளை எட்டினாலும் அது துள்ளி ஏறும். பழங்காலத்தில் அந்த இலக்குகளின் கடைசிப் படி 7 அதிசயங்கள், 10 சுவடிகள், 20 வளங்கள், 12 குடியிருப்புகள் என்ற கணக்கில் இருந்தது; பிடித்த குடியிருப்பு ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்காகும். கணினி எதிரி ஒருவர் இரண்டு இலக்குகளை அடுத்தடுத்து முடித்தால், பத்து டர்ன் மிச்சம் என்று நீங்கள் நினைத்திருந்த காலம் சட்டென்று முடியும். முற்றுகை போட்ட நகரம் கைக்கு வராமலே போகும். 70 சதவீதத்தில் நெருக்கடி தொடங்கும். அதை மணி அடித்ததாக எடுத்துக்கொண்டு, புதுப் போரைத் தொடங்காமல் ஏற்கனவே தொடங்கியதை முடியுங்கள்.

படைகளுக்கு அனுபவம் ஏறாது. 6-ல் ஒரு வில்லாளியைக் கட்டிக் காத்து வளர்த்தது போல இங்கே முடியாது. தளபதி மட்டுமே வளர்வார். ஒரு தளபதி தொடக்கத்தில் 4 படைகளை ஏற்றிக்கொள்வார், பதவி உயர்வால் 6 வரை போகும். 'கன்டின்யுட்டி' தேர்வு இல்லாத ஆட்டத்தில், காலம் முடியும் முன் போதிய தளபதிகளைக் கையில் வைத்திருந்தால் படை தப்பும். பத்து வாள்வீரர்களை ஒரே தளபதியை நம்பி வைத்திருந்தவர்தான் அடுத்த காலத்தின் முதல் டர்னில் அதிர்ச்சியடைகிறார்.

காலம் முடியும் தறுவாயில் சாதாரணக் கட்டடங்களில் உற்பத்தியைக் கொட்டாதீர்கள். நூலகம் போன்றவை அடுத்த காலத்தில் பழையதாகி, பக்கத்துக் கட்டங்களால் கிடைத்த கூடுதல் பலனை இழக்கும். அதிசயங்களும் நாகரிகத்துக்கே உரிய தனிக் கட்டடங்களும் காலம் கடந்தும் நிற்கும். சோழராக ஆடினால் அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் வேறு வேறு கட்டத்தில் போட்டுவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. ஒரு கட்டத்துக்கு இரண்டு கட்டடம்தான். முதலாவதைக் கட்டிய இடத்தில் இரண்டாவதற்கு இடம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

7-ல் குடியிருப்புகள் ஊர், நகரம் என இரண்டு வகை. எல்லா ஊரையும் நகரமாக்குவதும் 6-ன் பழக்கமே. ஊர்களின் உற்பத்தி பொன்னாக மாறி வரும், உணவு நகரங்களுக்குப் போகும். எல்லாவற்றையும் நகரமாக்கினால் பொன் வற்றும். குடியிருப்பு வரம்பு என்று ஓர் எண் இருக்கிறது. அதைத் தாண்டும் ஒவ்வொன்றுக்கும் எல்லாக் குடியிருப்பிலும் மகிழ்ச்சி 5 குறையும். ஒன்று தாண்டினால் சமாளிக்கலாம். மூன்று தாண்டினால் எல்லாக் குடியிருப்பும் ஒன்றாக முறுக்கிக்கொள்ளும்.

இனி வாங்கும் விஷயம். ஒரே நாகரிகத்தைக் கற்காலத்திலிருந்து விண்கலம் வரை கொண்டுபோவதுதான் உங்களுக்கு இன்பம் என்றால், உங்களிடம் இருக்கும் 6-க்கு 'ரைஸ் அண்ட் ஃபால்', 'கேதரிங் ஸ்டார்ம்' இரண்டும் சேர்ந்திருந்தால் அதுவே இப்போதைக்கு நிறைவான ஆட்டம். பழைய கணினி என்றால் 5-ஐ 'பிரேவ் நியூ வேர்ல்டு' விரிவாக்கத்தோடு ஆடுங்கள். அரசதந்திரம், தளபதி வைத்துச் செய்யும் போர், கப்பல் போகும் ஆறுகள் இவற்றில் ஆசை இருந்தால் 7 உங்களுக்குத்தான். இந்த மூன்றிலும் அது முந்தைய பாகங்களைத் தாண்டிவிட்டது. டீலக்ஸ் வேண்டாம், அடிப்படைப் பதிப்பைத் தள்ளுபடியில் வாங்குங்கள். சோழர் அதிலேயே இருக்கிறார்கள்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் வழக்கமான அமைப்பில் ஆடினால் அந்த 2 மணி நேரத்தில் முதல் காலமே முடியாது. நீங்கள் பயப்படுகிற அந்தக் காலமாற்றத்தைப் பார்க்காமலே முடிவெடுக்க வேண்டிவரும். அதனால் சோதனைக்கென்று ஓர் ஆட்டம் போடுங்கள். வரைபடம் 'டைனி', வேகம் 'ஆன்லைன்', காலத்தின் நீளம் மிகக் குறைவானது, நாகரிகம் மௌரியர். பயிற்சிக் குறிப்புகளை அணைத்துவிட்டு வேகமாக ஆடினால் 2 மணி நேரத்துக்குள் சோழராக மாறும் இடம் வரை போய்விடலாம். அந்தத் திரை வரும்போது உங்களுக்கு ஆர்வம் வருகிறதா, எரிச்சல் வருகிறதா என்று பாருங்கள். ஆர்வம் வந்தால், அடுத்த ஆட்டத்தை நேரடியாகக் கடலோடிக் காலத்திலிருந்தே சோழரோடு தொடங்கவும் வழி இருக்கிறது. புது ஆட்டம் அமைக்கும் திரையில் தொடக்கக் காலத்தை மாற்றினால் போதும்.