கதைக்கிறதும் படிப்புத்தான், தங்கச்சி

மகன் நாலாம் வகுப்பில் சேர்ந்து 6 கிழமையாகியும் ஒரு பாடப்புத்தகமும் வீட்டுக்கு வரவில்லை, வகுப்பில் பிள்ளைகளைக் கதைக்க விட்டிருக்கினம், ரொறன்ரோவில் படிப்பே இல்லையோ என்று கேட்டிருந்தீங்கள். வந்த புதிதில் எனக்கும் இதே பயம்தான், தங்கச்சி.

மகளின் வகுப்புக்கு ஒருநாள் உதவிக்குப் போயிருந்தேன். ரீச்சர் பலகையில் 18 × 5 என்று எழுதிவிட்டுப் பேசாமல் நின்றா. கொப்பி, பென்சில் ஒன்றுமில்லை. விடை வந்த பிள்ளை கை உயர்த்தாது. பெருவிரலை நெஞ்சோடு வைத்துக் காட்டும். ஆறுதலாக யோசிக்கிற பிள்ளை பதறக்கூடாது என்பதற்காக. பிறகு பக்கத்துப் பிள்ளையோடு கதைக்கச் சொன்னா. 20 × 5 இல் 10ஐக் கழித்தேன் என்றான் ஒருத்தன். 9 × 10 என்றாள் இன்னொருத்தி. எல்லாவற்றையும் பலகையில் எழுதினா. முதல் விரல் காட்டினது என்ர மகள்தான். ஆனால் "எப்படி?" என்று கேட்டதும் வாயே திறக்கவில்லை. வாய்ப்பாட்டை நெருக்கி நெருக்கிப் படிப்பிச்ச நான், அந்தக் கேள்வியை ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை. இன்றைக்கும் அது மனதுக்குள் குத்தும்.

ரீச்சர் பேசாமல் நின்றதும் சும்மா இல்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே காட்டினது: கேள்வி கேட்டபின் 3 வினாடியாவது பொறுத்தால் பதில் நீளும், பேசாத பிள்ளைகளும் பேசுவினம்.

ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் அறிவு, சிந்தனை, தொடர்பாடல், பிரயோகம் என்று நாலையும் பார்த்துத்தான் மதிப்பிடுகினம். நாலு மட்டத்தில் கீழிருந்து மூன்றாவதுதான் மாகாணம் எதிர்பார்க்கிற தரம். 'பி' அதற்குள் வரும், அதைக் கண்டு பிள்ளையை ஏசாதேங்கோ.

பள்ளிக்கூடத்தால் வந்ததும் "என்ன படிச்சனீ?" என்றால் "ஒண்டுமில்லை" என்றுதான் வரும். "இண்டைக்கு ஆரோட சோடி சேர்ந்தனீ? அந்தப் பிள்ளை என்ன சொன்னது?" என்று கேளுங்கோ. தமிழிலேயே சொல்லட்டும். தமிழில் காரணம் சொல்லப் பழகினால் ஆங்கிலத்தில் சொல்தான் புதிது, யோசனை அவனுடையது. வாய்ப்பாட்டையும் விடாதேங்கோ, அது மனதில் இருந்தால் யோசிக்க நேரம் மிஞ்சும்.

நவம்பரில் முன்னேற்ற அறிக்கை வரும், ரீச்சரைச் சந்திக்கலாம். "வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்க வேண்டாம், இங்கே அந்தக் கணக்கு இல்லை. "வகுப்பில் வாய் திறக்கிறானா?" என்று கேளுங்கோ. மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் இப்பவே பள்ளிக்கூட ஒபிசில் சொல்லி வையுங்கோ.