புவேர்ட்டோ வல்லார்ட்டா டைம்ஷேர்: கையெழுத்திட்ட பிறகும் ரத்து செய்யலாம்

மெக்சிகோவின் கடற்கரைச் சுற்றுலா நகரான புவேர்ட்டோ வல்லார்ட்டாவில் டைம்ஷேர் (விடுமுறை விடுதியை ஆண்டுதோறும் சில நாள்கள் பயன்படுத்தும் உரிமை) ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டேன், ரத்து செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்து செய்யலாம். வியாழக்கிழமை கையெழுத்திட்ட உங்களுக்கு மெக்சிகோவின் நுகர்வோர் சட்டம் 5 வேலை நாள்கள் அவகாசம் தருகிறது. அதற்குள் எழுத்து மூலம் தெரிவித்தால் அபராதம் கிடையாது.

இலவச டாக்ஸி என்று விமான நிலையத்திலிருந்து அழைத்துச் சென்று, நான்கு மணி நேரம் உட்கார வைத்த விற்பனையாளர் "ரத்து கிடையாது" என்று சொன்னது, பெரும்பாலும் அந்த 5 நாள்களைக் கடத்துவதற்காகவே இருக்கும்.

ஒப்பந்தத்தில் ரத்து விதியும், நுகர்வோர் அமைப்பான ப்ரொஃபெகோவின் பதிவு எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். கடிதத்தை இன்றே நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பின்னாளில் "பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் வரி கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். புவேர்ட்டோ வல்லார்ட்டாவை மையமாகக் கொண்ட டைம்ஷேர் மோசடிக்காக ஹலிஸ்கோ போதைக் கும்பலைச் சேர்ந்தவர்கள்மீது அமெரிக்க நிதித்துறை 2023இல் தடை விதித்திருக்கிறது.