திருமணமா, தனி வாழ்க்கையா? இரண்டையும் வாழ்ந்து பார்த்தவளின் பதில்

முப்பத்திரண்டு வயது, தனியாக நன்றாகத்தான் இருக்கிறேன், ஒருவர் மணந்துகொள்ளக் கேட்கிறார், திருமணமானவர்கள்தான் மகிழ்ச்சியாகவும் நீண்ட நாளும் வாழ்கிறார்கள் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஏழு ஆண்டுகள் மணவாழ்க்கையில் இருந்தேன். பிரிந்து பதினொரு ஆண்டுகளாகத் தனியாக வாழ்கிறேன். என் பதில் இது: நல்ல திருமணம் தனி வாழ்க்கையைவிட மேலானது. மோசமான திருமணத்தைவிடத் தனி வாழ்க்கை எத்தனையோ மடங்கு மேலானது. முதல் பாதியை மட்டும் ஊரே சொல்லும். இரண்டாம் பாதியைச் சொல்ல ஆளிருக்காது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் கணவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. குடிப்பழக்கம் இல்லை. வெளியே கேட்டால் எல்லாரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மாலையில் வாசல் கதவில் சாவி திரும்பும் ஓசை கேட்டதும் என் தோள்கள் தாமாகவே இறுகிவிடும். இன்று என்ன மனநிலையில் வருகிறார், செருப்பை எப்படிக் கழற்றுகிறார், பையை வைக்கிறாரா வீசுகிறாரா என்று காது கூர்ந்து கணக்குப் போடும். ஏழு ஆண்டுகளில் இது எனக்கே தெரியாத பழக்கமாகிவிட்டது. பிரிந்து தனி வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு மாலை நானே சாவியைத் திருப்பியபோதுதான் கவனித்தேன்: அந்த ஓசைக்குத் தோள்கள் இறுகவில்லை. வாசலிலேயே நின்று அழுதேன்.

உடம்பு இப்படிக் கணக்கு வைத்திருக்கும் என்பது என் கற்பனையன்று. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 204 திருமணமானவர்களுக்கும் 99 மணமாகாதவர்களுக்கும் ஒருநாள் முழுக்க இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மணவாழ்க்கையில் நிறைவு மிகுந்தவர்களின் இரத்த அழுத்தம் குறைவாக இருந்தது. நிறைவற்ற மணவாழ்க்கையில் இருந்தவர்களின் அழுத்தமோ மணமாகாதவர்களுடையதைவிடக் கூடுதல். அதே ஆய்வில் என்னைச் சற்று வருத்திய முடிவும் ஒன்று உண்டு. நல்ல நண்பர்கள் சூழ இருப்பது, மணமாகாதவர்களுக்கும் மணவாழ்க்கையில் துன்பப்படுபவர்களுக்கும் அந்தக் குறையை ஈடுசெய்யவில்லை. நண்பர்களை நம்பி வாழ்கிறவள் நான். எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை உங்களிடம் மறைக்க முடியாது.

திருமணமானவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்ற பேச்சு பழையது. வில்லியம் ஃபார் என்ற ஆங்கிலேயர் 1858இலேயே பிரான்ஸ் நாட்டின் இறப்புக் கணக்குகளை வைத்து அதை எழுதியிருக்கிறார். ஆனால் திருமணம்தான் அவர்களை நலமாக வைத்ததா, நலமும் வருமானமும் இணக்கமான சுபாவமும் உள்ளவர்களுக்குத் திருமணம் எளிதில் அமைந்து நிலைத்ததா என்பது வேறு கேள்வி. ஜெர்மனியில் 24,000 பேருக்கு மேல் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து சேர்த்த தகவல்களை ரிச்சர்ட் லூகாஸ் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2003இல் அலசினார்கள். மணம் செய்து சேர்ந்தே இருந்தவர்கள், திருமணத்துக்கு முன்பும் மற்றவர்களைவிட வாழ்க்கையில் நிறைவோடுதான் இருந்திருக்கிறார்கள். திருமணத்தை ஒட்டி மகிழ்ச்சி கொஞ்சம் ஏறி, சராசரியாகப் பழைய நிலைக்கே திரும்பியிருக்கிறது. தனியாக நன்றாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நீங்கள் ஒரு குறையைப்போல எழுதியிருப்பதுதான் எனக்கு வருத்தம்.

தனி வாழ்க்கை எளிதென்று சொல்ல வரவில்லை. வாடகையை ஒருவரே கட்ட வேண்டும், எந்த முடிவையும் ஒருவரே எடுக்க வேண்டும், இவை போகப் போகப் பழகிவிடும். பழகாதது வேறு. அறுவை சிகிச்சைக்குப் போனபோது படிவத்தில் "அவசரத்துக்கு யாரை அழைப்பது" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தோழியின் பெயரை எழுதினேன். அன்று முதல் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: காலை எட்டு மணிக்குள் இருவரும் ஒரு செய்தி அனுப்பிக்கொள்வோம். வராவிட்டால் மற்றவர் கிளம்பி வர வேண்டும். வீட்டுச் சாவி அவளிடம் ஒன்று இருக்கிறது. மணமானவர்களுக்குத் தானாகக் கிடைக்கும் இந்தக் காவலைத் தனியாக இருப்பவர் தேடிக் கட்டிக்கொள்ள வேண்டும், தளரவிடாமல் காக்கவும் வேண்டும். குழந்தை வேண்டுமா என்பதை நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் அதற்குள் போகவில்லை.

நல்ல திருமணம் எப்படி இருக்கும் என்பதை என் அக்காவின் வீட்டில் பார்க்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளாகச் சண்டையும் போடுகிறார்கள். ஆனால் சண்டை எதைப் பற்றித் தொடங்கியதோ அதோடு முடிந்துவிடும், பழைய கணக்குகள் எழாது. அக்கா படித்தபடியே தூங்கிவிட்டால் அத்தான் கண்ணாடியைக் கழற்றி, எழுந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கிறார். அங்கே தங்கிவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அது பொய்யில்லாத ஏக்கம். ஆனால் நான் ஏங்குவது அந்த வீட்டுக்குத்தான், நான் விட்டு வந்த வீட்டுக்கு அல்ல.

ஆகவே, திருமணம் நல்லதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, உங்களைக் கேட்கும் அந்த ஒருவரைக் கவனியுங்கள். சிரிக்கும்போது யாரும் நல்லவராகத்தான் தெரிவார்கள். அவருக்கு விருப்பமான ஏதாவது சிறு விஷயத்தில், உங்களுக்கு உண்மையிலேயே மனமில்லாதபோது, "வேண்டாம்" என்று சொல்லுங்கள். பிறகு அன்று மாலை அவர் உங்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள், மறுநாளும் பாருங்கள். மணம் பேசிய மூன்றாம் வாரத்தில் நான் அப்படியொரு முறை சொன்னேன். களைப்பாக இருக்கிறது, இன்று வெளியே வரவில்லை என்றேன், அவ்வளவுதான். நான்கு நாட்கள் அவர் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் நானே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். எதற்காகக் கேட்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.