மாடவீதியில் பிஸ்கட் கூடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டில் ஓடிஜி (சின்ன மின்சார அடுப்பு) வைத்து நெய் பிஸ்கட், வாழைப்பழ கேக், கிரீம் கப் கேக் செய்து அக்கம்பக்கத்தில் விற்று வருகிறேன். ஜனவரியில் நடக்கும் மயிலாப்பூர் திருவிழாவில் ஸ்டால் போட எனக்கு வசதியில்லை. கூடையில் எடுத்துக்கொண்டு நடந்தே விற்கலாமா? பங்குனியில் கபாலீஸ்வரர் கோயில் அறுபத்துமூவர் விழாவுக்கும் போகலாம் என்று இருக்கிறேன்.
– வாசகி, மந்தைவெளி

பதில்: தாராளமாக விற்கலாம் சகோதரி. முதல் வேலையாக விழா நடத்துகிறவர்களைப் பார்த்து, நடந்து விற்க அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். காசு கட்டி ஸ்டால் எடுத்தவர் முன்னால் போய் நின்று விற்பது நியாயமில்லை.

அறுபத்துமூவரை மட்டும் விட்டுவிடுங்கள். அன்று மாடவீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. அதோடு, நீர்மோரும் பானகமும் சாதப் பொட்டலமும் வருகிறவர்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிற நாள் அது. அந்த இடத்தில் பிஸ்கட்டுக்குக் காசு கேட்க எனக்கு மனசு ஒப்பாது. விற்கவும் விற்காது.

ஜனவரி விழா அப்படியல்ல. வடக்கு மாடவீதியில் கோலப் போட்டி நடக்கும் நேரம்தான் உங்களுக்கு நல்ல நேரம். கோலம் போடுகிறவர்களை அப்போது தொந்தரவு செய்யாதீர்கள். கையெல்லாம் மாவு, கவனமெல்லாம் புள்ளியில். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறவர்களிடமும், அம்மா கோலத்தை முடிக்கட்டும் என்று திண்ணையில் காத்திருக்கும் பிள்ளைகளிடமும் போங்கள். மெரினாவில் சுண்டல் விற்கும் பையன்களைக் கவனித்துப் பாருங்கள். நடந்து போகிறவரைத் துரத்த மாட்டார்கள், மணலில் உட்கார்ந்திருப்பவரைத் தேடித்தான் போவார்கள். நடந்து விற்கும் தொழிலில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

கிரீம் கப் கேக் வேண்டாம். ஜனவரியானாலும் சென்னை வெயில் வெயில்தான், கூட்டத்தின் சூடு வேறு. அரை மணியில் கிரீம் வழிந்து காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். நெய் பிஸ்கட், ராகி பிஸ்கட், வாழைப்பழ கேக் துண்டு, இந்த மூன்றும் போதும். வகை கூடினால் வாங்குகிறவர் யோசிப்பார். யோசிப்பதற்குள் பின்னாலிருந்து கூட்டம் தள்ளிவிடும். விலையையும் 20, 50 என்று முழுத்தொகையாக வையுங்கள்.

பிஸ்கட் நன்றாக ஆறிய பிறகே கட்ட வேண்டும். தட்டின் அடியைத் தொட்டால் துளிகூடச் சூடு தெரியக் கூடாது. இளஞ்சூட்டில் கட்டினால் உள்ளே வியர்த்து, மாலைக்குள் நமுத்துப் போகும். கேக்கை முதல் நாள் இரவே சுட்டு வைத்து, காலையில் துண்டு போடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத்துணியால் துடைத்தால் ஓரம் உதிராது. கூடையில் பொட்டலங்களைப் படுக்க வைக்காமல் நெருக்கமாக நிறுத்தி வையுங்கள், இடி பட்டாலும் உடையாது. கட்டுவதற்கு பட்டர் பேப்பரும் காகிதப் பையும்தான். உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. செய்தித்தாளில் மடிக்கவே கூடாது, அச்சு மை பிஸ்கட்டின் நெய்யோடு சேர்ந்து வாய்க்குள் போகும்.

தனியாகப் போகாதீர்கள். காசு வாங்கிய கையாலேயே பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தால் பார்க்கிறவருக்கு முகம் சுளிக்கும், அது சரிதானே? மகளையோ நாத்தனாரையோ கூட்டிப் போங்கள். கூடை உங்களிடம், காசு அவர்களிடம். கியூஆர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளட்டும். கூட்டத்தில் நெட் படுத்துவிடும், பத்து ரூபாய்ச் சில்லறை நிறைய இருக்கட்டும்.

கேள்வி: கூடையில் விற்பதற்கெல்லாம் உணவுத் துறை லைசென்ஸ் வேண்டுமா?
– வாசகர், அடையாறு

பதில்: லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சுற்றி விற்கும் சிறு வியாபாரிகளுக்கு லைசென்ஸிலிருந்து விலக்குத் தந்து, பதிவு செய்துகொண்டால் போதும் என்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் ஒட்டுங்கள். கூடவே சேர்மானம், செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம் என்பதையும் எழுதுங்கள். பதிவெல்லாம் பெரிய கடைகளுக்குத்தான் என்று ஒதுங்கும் பெண்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. அந்த எண் இருந்தால் யார் கேட்டாலும் நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

கேள்வி: “முட்டை போட்டதா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். முட்டை போட்டது, போடாதது இரண்டையும் ஒரே ஓவனில் செய்வதைச் சொல்ல வேண்டுமா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: சொல்லித்தான் ஆக வேண்டும். நம் உணவு விதிகளின்படி முட்டை சேர்ந்தால் அது அசைவம். பொட்டலத்தில் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் வர வேண்டும். பச்சைப் புள்ளி சைவத்துக்கு மட்டும். கோயிலைச் சுற்றி விற்கிற நாளில் முட்டையில்லாததை மட்டும் எடுத்துப் போங்கள். அதையும் தனித் தட்டில், தனிக் கரண்டியில் செய்யுங்கள். விரதமிருக்கும் பாட்டி உங்கள் வாய்வார்த்தையை நம்பித்தான் வாங்குகிறார்.

கேள்வி: மிஞ்சினால் என்ன செய்வது?
– வாசகி, கோட்டூர்புரம்

பதில்: பிஸ்கட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஒட்டிய தேதிக்குள் தெரிந்தவர்களுக்கு விற்றுவிடுங்கள். வாழைப்பழ கேக்கை அன்றிரவே வீட்டில் இருப்பவர்களுக்கும் வாட்ச்மேனுக்கும் கொடுத்துவிடுங்கள். மறுநாள் கூடையில் அது ஏறக் கூடாது.