பீமன் பேசும் மொழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக யோக்யகர்த்தாவில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகள். இவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளைகளை நான் ஊரில் பார்த்ததில்லை. காலையில் வரிசையாக வந்து என் கையைப் பற்றி நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஆனால் வகுப்பில் ஒருவர்கூடக் கேள்வி கேட்பதில்லை. 'புரிந்ததா?' என்றால் முப்பது பேரும் ஒரே குரலில் 'புரிந்தது' என்கிறார்கள். தேர்வுத்தாளைத் திருத்தும்போதுதான் ஒன்றும் புரியவில்லை என்று தெரிகிறது. சக ஆசிரியர்களிடம் கேட்டால் 'ஜாவாப் பிள்ளைகள் அப்படித்தான், கூச்ச சுபாவம்' என்று சிரிக்கிறார்கள். இது இவர்களின் பண்பாட்டிலேயே இருக்கிறது என்று எனக்கும் தோன்றத் தொடங்கிவிட்டது.

நான் ஜாவா மொழியைக் கற்றுக்கொண்டால் நிலைமை மாறுமா? இந்தோனேசிய மொழியே போதுமா? இன்னொன்று: எழுநூறுக்கு மேல் மொழிகள் உள்ள நாட்டில் சண்டையே இல்லாமல் ஒரே மொழியைக் கொண்டுவந்துவிட்டார்களே, நாம் ஏன் இவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளக் கூடாது? ஜாவாவைப் பற்றி வாசிக்கச் சில நூல்களையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு காளானைப் பற்றி எழுதத் தொடங்கி இரண்டு பத்தியோடு நின்றுபோயிருந்தேன். அது உங்கள் ஊர்க் காளான். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். இல்லையென்றால் வழக்கம்போல மூன்று மாதம் ஆகியிருக்கும்.

சில்லறைக் கணக்குகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். சண்டையே இல்லாத ஒரே மொழி என்கிறீர்கள். 1928 அக்டோபர் 28 அன்று, பத்தாவியா என்று அப்போது பெயர்கொண்டிருந்த ஜகார்த்தாவில் இளைஞர்கள் எடுத்த உறுதிமொழியை நிதானமாகப் படியுங்கள். ஒரே தாயகம், ஒரே தேசம் என்று முதல் இரண்டு வரிகளில் சொன்னவர்கள் மூன்றாவது வரியில் 'ஒரே மொழி' என்று சொல்லவில்லை. ஒற்றுமையின் மொழியான இந்தோனேசிய மொழியைப் போற்றுவோம் என்றுதான் சொன்னார்கள். அந்த மொழி துறைமுகங்களிலும் சந்தைகளிலும் புழங்கிய மலாய். எண்ணிக்கையில் மிகப் பெரிய இனமான ஜாவாக்காரர்கள் தங்கள் மொழியை முன்வைக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். சண்டை இல்லை என்பதும் சரியில்லை. 'சர்வதேசத் தரப் பள்ளி' என்ற பெயரில் அரசுப் பள்ளிகளுக்குள் ஆங்கிலவழி நுழைந்தபோது வழக்குப் போட்டார்கள். 2013 ஜனவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் திட்டமே செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. நம் ஊர் மொழிப் பிரச்சினைக்கு இதை வைத்துத் தீர்ப்பு எழுத என்னால் ஆகாது. விடுங்கள்.

என்னைக் கோபப்படுத்திய வரி வேறு. 'இவர்களின் பண்பாட்டிலேயே இருக்கிறது.' இரண்டு ஆண்டுகள் ஒரு மண்ணின் சோற்றைத் தின்றுவிட்டு எழுதுகிற வரியா இது? டச்சு அதிகாரிகளும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: ஜாவாக்காரர்கள் உலகிலேயே சாதுவான மக்கள் என்று. அந்தச் சாதுவான மக்கள்தான் இளவரசர் திபோநெகோரோவின் பின்னால் திரண்டு 1825 முதல் 1830 வரை அவர்களை ஐந்தாண்டுகள் அலைக்கழித்தார்கள். சுமார் இரண்டு லட்சம் ஜாவாக்காரர்கள் அந்தப் போரில் செத்தார்கள். ஒரு வகுப்பறையில் ஏதோ கோளாறு, ஆசிரியருக்குக் காரணம் தெரியவில்லை, உடனே பண்பாட்டின் தலையில் கட்டிவிடுகிறோம். பண்பாடு வந்து மறுத்துப் பேசாது அல்லவா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். தேர்வுத்தாளைத் திருத்தும்போது கலங்குகிற ஆசிரியர்கள் எத்தனை பேர்? நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு உரிமையாகத் திட்டுகிறேன்.

இனி காளான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உங்கள் ஊருக்குத் தெற்கே பந்துல் பகுதியில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். நான் தங்கிய வீட்டு அம்மாள் பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. சில நாட்கள் அவருடைய வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார அனுமதி தந்தார். என் இந்தோனேசிய மொழி அரைகுறை. ஆனால் அந்த வகுப்பைப் பின்தொடர அதுவே போதுமாக இருந்தது, ஏனென்றால் பிள்ளைகளும் அரைச்சொல்தான் பேசினார்கள். ஆசிரியை 'இந்தோனேசியாவின் தலைநகரம் ஜா…' என்று இழுப்பார். 'கர்த்தா!' என்று கூரை அதிரும். 'சூரிய ஒளியால் செடிகள் உணவு தயாரிப்பதற்குப் பெயர் ஃபோதோசின்…' 'தேசிஸ்!' தலையும் உடலும் ஆசிரியையுடையவை, வாலை மட்டும் பிள்ளைகள் ஒட்டவேண்டும். பிறகு 'புரிந்ததா?' 'புரிந்தது, இபு!' இபு என்றால் அம்மா, டீச்சரையும் அப்படித்தான் அழைப்பார்கள். உங்கள் வகுப்பு எட்டாம் வகுப்பிலா தொடங்குகிறது? அதற்கு நான்கைந்து ஆண்டுகள் முன்பே இந்த வால் ஒட்டும் பயிற்சி முடிந்துவிடுகிறது.

இடைவேளையில் முற்றத்தில் கோபாக் சோதோர் ஆடினார்கள். நம் கிளித்தட்டேதான். கோடு தாண்டினாயா இல்லையா என்று அப்படி ஒரு வழக்காடல்! உள்ளே கால்வாசிச் சொல் பேசிய அதே வாய்கள். ஆட்டத்தில் சேராத இரண்டு பையன்கள் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். ஒருவன் மற்றவனிடம், வேலியோர மூங்கில் புதரைக் காட்டி, 'லா, ஜாமுர் பியே?' என்றான். மூன்றே சொல். வீட்டு அம்மாளின் மகனிடம் மாலையில் கேட்டுத்தான் எனக்குப் பொருள் தெரிந்தது. 'அப்படியென்றால் காளான் எப்படி?' வெயில் படாத மூங்கிலடியில் காளான் முளைக்கிறதே, அது எப்படி உணவு தயாரிக்கிறது? வகுப்பில் நடந்த பாடத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுகிற கேள்வி. அதைக் கேட்க அவனுக்குக் கிடைத்தது இன்னொரு ஒன்பது வயதுப் பையன்தான். அவனோ தோளைக் குலுக்கிவிட்டு மிட்டாய் உறையைப் பிரித்தான்.

ஏன் வகுப்பில் கேட்கவில்லை? இங்கேதான் மொழிக்கு வருகிறோம். ஜாவா மொழியில் மரியாதை விகுதியோடு நின்றுவிடுவதில்லை. சாப்பிடு, சாப்பிடுங்கள் என்று நாம் வாலை மாற்றுகிறோம், வேர் ஒன்றுதான். அங்கே வேரே மாறும். நண்பன் சாப்பிட்டால் மாஙன். பெரியவர் சாப்பிட்டால் டஹார். நான் சாப்பிட்டதை அந்தப் பெரியவரிடம் சொல்லும்போது நெடோ. தாழ்ந்த பேச்சுக்கு ஙோகோ என்று பெயர், உயர்ந்த பேச்சுக்கு க்ரோமோ. நம்முடைய 'கிரமம்'தான் அது. பையன் சொன்ன 'பியே' ஙோகோ. அதை ஆசிரியையிடம் சொன்னால் 'என்னடி' என்பதுபோல ஆகும். க்ரோமோவில் கேட்கலாம், ஆனால் அவனுக்கு க்ரோமோ தெரியாது. இன்றைய பிள்ளைகளில் பலருக்கும் தெரியாது. மிச்சம் இருப்பது இந்தோனேசிய மொழி. அது பாடப்புத்தகத்தின் மொழி, தப்பில்லாமல் விடை எழுதுகிற மொழி. காளானை அந்த மொழிக்குத் தூக்கிக்கொண்டு போய் வாக்கியமாக்கி நிமிர்வதற்குள் ஆசிரியை அடுத்த பாடத்தின் தலையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

க்ரோமோவைப் பள்ளியில் கற்பிக்கிறார்களே என்பீர்கள். கற்பிக்கிறார்கள், ஜாவா மொழிப் பாடவேளையில். அதையும் பார்த்தேன். காலையில் என்ன செய்தாய் என்று கேட்டதற்கு ஒரு சிறுமி எழுந்து நின்று, மரியாதையாகச் சொல்லவேண்டும் என்ற ஆசையில், 'குலோ டஹார்' என்றாள். தனக்கே உயர்சொல்லைப் போட்டுக்கொண்டுவிட்டாள். 'நான் அமுது செய்தருளினேன்' என்று நம் வீட்டுப் பிள்ளை சொன்னால் எப்படி இருக்கும்? வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார், பிரியமாகத்தான். திருத்தமும் சொன்னார். சிறுமி உட்கார்ந்து பென்சில் பெட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். அந்த மணி முடிவதற்குள் இன்னொரு முறை அவள் முறை வந்தது. இந்தோனேசிய மொழியில் பதில் சொன்னாள்.

இந்தத் தொல்லையைச் சிறியவர்களாகவே அனுபவித்தவர்கள் முன்பும் இருந்தார்கள். 1899-இல் ஜாவாவின் ஜெபாராவிலிருந்து, பெண்கல்விக்காகக் குரல்கொடுத்த கார்த்தினி தன் டச்சுத் தோழிக்கு எழுதிய கடிதத்தில், தம்பி தங்கைகள் மூத்தவர்முன் தரையில் பதுங்கி க்ரோமோவில் பேசவேண்டிய முறையை விவரித்துவிட்டு, எங்களுக்குள் அதையெல்லாம் விட்டொழித்துவிட்டோம் என்கிறார். 1910-களின் இறுதியில் சுரபாயாவில் ஜாவ தீப என்ற இயக்கம், எல்லோரும் எல்லோரிடமும் ஙோகோ பேசுவோம் என்று கிளம்பியது. அது நிலைக்கவில்லை. அவர்கள் தேடிய சமத்துவத்தைப் பிற்பாடு இந்தோனேசிய மொழி தந்தது என்று சொல்வார்கள். தெருவில் தந்திருக்கலாம். வகுப்பறைக்குள் அதுவே இன்னொரு க்ரோமோ ஆகிவிட்டது என்பது என் கட்சி. தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், அதனால் வால் மட்டும் ஒட்டு.

ஆசிரியை ஙோகோ பேசவே இல்லையா? பேசினார். வேடிக்கை சொல்லும்போது பேசினார், அதட்டும்போது பேசினார். மேலேயிருந்து கீழே ஙோகோ தாராளமாக வரும். கீழேயிருந்து மேலே போக வழியில்லை. அன்று மாலை, கல்கண்டு போட்ட தேநீரோடு உட்கார்ந்திருந்தபோது அவரிடம் காளான் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். என்னிடமே கேட்டிருக்கலாமே என்றார். 'பியே' என்றா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கண்ணாடித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அப்படிக் கேட்டிருந்தால் அதட்டியிருப்பேன்' என்றார். நல்ல பெண்மணி. பொய் சொல்லத் தெரியாதவர்.

சட்டம் குறுக்கே நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2003-ஆம் ஆண்டின் தேசியக் கல்விச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு தொடக்க நிலையில் தேவைப்பட்டால் வட்டார மொழியில் கற்பிக்கலாம் என்கிறது. 1922-இல் உங்கள் ஊரிலேயே தாமான் சிஸ்வா பள்ளியைத் தொடங்கிய கி ஹஜர் தேவந்தாராவை உங்கள் பள்ளிச் சுவரில் பார்த்திருப்பீர்கள். பிரபு குலத்தில் பிறந்து நாற்பதாம் வயதில் பட்டத்தையும் பிறந்த பெயரையும் துறந்தவர். பின்னாலிருந்து பலம் கொடு என்று பொருள்படும் அவருடைய 'துத் வுரி ஹந்தயானி'தான் கல்வி அமைச்சகத்தின் சின்னத்தில் இருக்கிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் தொப்பியிலும் டையிலும் அதைப் பார்க்கலாம். முன்னால் நின்று 'ஃபோதோசின்' என்று இழுக்கும் ஆசிரியரை அந்தத் தொப்பிகள்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பண்பாடு என்றீர்களே, பண்பாட்டுக்கே வருகிறேன். வயாங் என்று பெயர்கொண்ட ஜாவாவின் தோல்பாவைக் கூத்தில் பீமனுக்கு வெர்குதோரோ என்று ஒரு பெயர். நம் விருகோதரன். அவன் யாரிடமும் க்ரோமோ பேசமாட்டான். தர்மனிடம் ஙோகோ. கிருஷ்ணனிடம் ஙோகோ. பதாரா குரு என்று அவர்கள் அழைக்கும் சிவபெருமானிடமும் ஙோகோ. குரு துரோணரிடமும் அதேதான். அந்தத் துரோணர் அவனைத் தொலைத்துக்கட்டும் எண்ணத்தோடு, உயிர்நீர் கொண்டு வா என்று காட்டுக்கும் பிறகு கடலுக்கும் அனுப்புகிறார். மறுபேச்சில்லாமல் போகிறான். தாழ்ந்த மொழி பேசுகிறவன்தான் அந்தக் கூத்திலேயே குருவின் சொல்லை இப்படி நம்பிய மாணவன். நடுக்கடலில் நாகத்தைக் கொன்றபிறகு அவன்முன் குழந்தை அளவுக்கு ஓர் உருவம் நிற்கிறது, அச்சாக அவனைப் போலவே. தேவ ரூச்சி. அதன் இடது காதுக்குள் நுழைகிறான், உள்ளே உலகம் முழுவதும் இருக்கிறது. அந்த இடத்தில்தான் பீமன் வாழ்நாளில் முதல்முறையாக க்ரோமோ பேசுகிறான்.

நூற்றாண்டுகளாக இந்தக் கதையை விடிய விடியப் பார்த்துவரும் மக்களுக்கு, தாழ்ந்த மொழியில் பேசுகிறவன் மரியாதை கெட்டவன் இல்லை என்று தெரியாதா? பள்ளிக்கூடத்துக்குத்தான் தெரியவில்லை.

கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தேவிட்டேன். கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஙோகோவை. உங்கள் மீதுள்ள மரியாதையால் எல்லோரும் க்ரோமோவைத்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்காதீர்கள், நீங்களும் சேர்ந்து வாயடைத்துப் போவீர்கள். பிள்ளைகளிடம் ஙோகோ கற்றுக்கொண்டு தப்புத்தப்பாகப் பேசுங்கள், அவர்கள் சிரிக்கட்டும். அயல்நாட்டுக்காரிக்கு அந்தச் சலுகை உண்டு. அந்தச் சிறுமிக்குக் கிடையாது.

நூல் பட்டியல் இப்போது வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கம் வயாங் நடக்கும் இரவு ஒன்றைக் கேட்டு வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். முதல் சில மணி நேரம் அரசவை, க்ரோமோ, ஒன்றும் புரியாது. பிள்ளைகள் பாயில் சுருண்டு தூங்குவார்கள். நடுநிசிக்கு மேல் செமாரும் கோமாளிப் பிள்ளைகளும் வருவார்கள். அதில் பாகோங் என்று ஒருவன், ராஜாவையும் 'நீ' என்பவன். அப்போது பாயைத் திரும்பிப் பாருங்கள். எல்லாம் எழுந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் ஒன்பதாம் வகுப்பும் அதில் இருக்கலாம்.