ஒரு சரம் குச்சி காளான்

கேள்வி: என் கணவருடன் வேலை பார்ப்பவருக்கு இமாச்சலப் பிரதேசத்தில் குலு பக்கம் சொந்த ஊர். போய்விட்டு வரும்போது, நூலில் கோத்துக் காயவைத்த குச்சி காளான் (ஆங்கிலத்தில் மோரல்) ஒரு சரம் கொடுத்தார். கறுத்துச் சுருங்கியிருக்கிறது, வாசனை மட்டும் தூக்குகிறது. நல்ல காளான்தானா? எப்படிச் சமைப்பது? மழைக்காலத்தில் பூங்காவில் முளைப்பதையும் பறிக்கலாமா என்கிறான் மகன்.
- வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: கொடுத்து வைத்தவர் நீங்கள்! பழைய தில்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் இதைக் கிராம் கணக்கில்தான் வாங்க முடியும். கிலோ பல ஆயிரம் ரூபாய்.

முதலில் அரை மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். வெளியே தேன்கூடு மாதிரிக் குழிகள், உள்ளே நுனியிலிருந்து காம்பின் அடிவரை ஒரே வெற்றுக் குழாய் என்றால் குச்சிதான். குழிகளுக்குப் பதில் மடிப்பு மடிப்பாக இருந்து, உள்ளே பஞ்சோ அறைகளோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். அது கைரோமித்ரா என்ற விஷக் காளானாக இருக்கலாம். காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் அதன் விஷம் முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது. எதுவென்று சந்தேகம் வந்தாலும் குப்பைக்கூடைதான்.

பிளந்தவற்றை நன்றாக அலசுங்கள், குழிகளில் மணல் ஒளிந்திருக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பாதி மணம் அதில்தான் இருக்கிறது. தெளியவிட்டு, மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள்.

என் கைப்பக்குவம் புலாவ்தான். இரண்டு கரண்டி நெய்யில் ஒரு கிராம்பு, சின்னத் துண்டு பட்டை, ஒரு வெங்காயம். வதங்கியதும் பத்துப் பன்னிரண்டு காளானைப் போட்டுப் புரட்டி, வடித்த தண்ணீரை ஊற்றி, மூடி, கால் மணி நேரமாவது கொதிக்கவிடுங்கள். அப்புறம் ஊறவைத்த பாஸ்மதி ஒரு கப். பானையில் மிஞ்சிய நீரோடு சேர்த்து ஒன்றே முக்கால் கப் வருகிற அளவுக்கு இரண்டாம் தேங்காய்ப்பால், உப்பு, இடித்த மிளகு. பெருங்காயம், பூண்டு விழுது, சாம்பார்ப் பொடி மூன்றுக்கும் அன்று விடுமுறை. கறிவேப்பிலைகூட எனக்கு இங்கே அதிகப்பிரசங்கியாகத்தான் படுகிறது.

அந்தக் கால் மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் நல்ல குச்சியே படுத்திவிடும். 2023-இல் அமெரிக்காவின் மான்டானாவில் ஓர் உணவகத்தில் இந்த இனக் காளானைச் சரியாக வேகாமல் சாப்பிட்டு 51 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தே போனார்கள். நன்றாக வெந்திருந்தாலும், கூடவே மது குடித்தால் சிலருக்கு வயிறு கலங்கும். விருந்துக்கு ஆள் கூப்பிடுவதாக இருந்தால் நினைவிருக்கட்டும்.

மகனிடம் கண்டிப்பாக 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். குச்சி, இமயமலைக் காடுகளில் பனி உருகும் பருவத்தில் வருவது. தில்லி மழையில் புல்தரையில் குடை விரிப்பவற்றில் வாந்திபேதி கொடுக்கிறவை உண்டு. வெள்ளிக்காசு போட்டுக் கறுக்கிறதா பார், பூண்டு போட்டு நிறம் மாறுகிறதா பார் என்று யாராவது வைத்தியம் சொன்னால் நம்பாதீர்கள். எந்த விஷக் காளானையும் அது காட்டிக்கொடுக்காது.